சின்ன விரல்

விசுவமடுச் சந்தியில
கபிலாஸ் எண்டொரு பெடியன்
பெட்டியை நகத்தால கீறித் திறந்தான்.
உள்ளுக்குள்ள கறுப்பாய்,
ஈரமில்லாத ஈரமாய் ஒரு மினுக்கம்.
"அக்கா, விரலை வையுங்கோ."

வலது பெருவிரல். இல்லை எண்டுது.
சீலைத் தலைப்பில துடைச்சுப்போட்டு வைச்சன்,
இல்லை.
சுட்டுவிரல், நடுவிரல்,
மோதிரம் கழட்டி ஏழு வருசமான விரல்,
எல்லாத்தையும் மணந்து பாத்திட்டு
முகத்தைத் திருப்புற நாய்க்குட்டி மாதிரி
உது ஒருக்காச் சிணுங்கிப்போட்டு இருந்துது.

பதினொரு வருசமாய்க் கல்லரியிறன்.
ரேகையெல்லாம் எங்க போச்சுதெண்டு
எனக்குத் தெரியும்:
தருமபுரத்தில ரெண்டு வீடு,
ஒரு பள்ளிக்கூட மதில்,
வெள்ளத்துக்கு விழுந்து திருப்பிக் கட்டின
கோழிப்பண்ணை,
உடையார்கட்டுப் பக்கம் ஒரு கிணத்துக்கட்டு.
அதுகளைக் கொண்டந்து வைச்சால்
ஒருவேளை போன் திறக்கும்.

கடைசியாய் இடக்கைச் சின்ன விரல்.
வளைஞ்சது. அச்சுப்பெட்டியைப் பிடிக்காது,
மண்வெட்டிப் பிடியிலயும் சேராது,
வேலைக்கு வராமல்
தள்ளி நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற விரல்.
அதை வைச்ச உடன போன் மெல்ல நடுங்கி
இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா எண்டு கேட்டுது.
வட்டம் பச்சையாய் நிரம்பிச்சுது.

"இது என்னெண்டு அக்கா வளைஞ்சது?"
"கதவுக்க நசிஞ்சது" எண்டன்.
அந்த மாசம் எங்களுக்குக்
கதவே இருக்கேல்லை.

அவன் கேட்டுப்போட்டு மறந்திட்டான்.
கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடியை
குமிழ் வராமல்
மூச்சைப் பிடிச்சு ஒட்டிக்கொண்டிருந்தான்.

அறுபத்தி நாலாயிரத்தித் தொளாயிரம்.
அரைவாசி கையில, மிச்சம் நாலு மாசத்துக்கு.
பழசில இருந்த முந்நூற்றிப் பன்னிரண்டு பேரும்
ஒரு நிமிசத்தில இடம்பெயர்ந்து வந்திட்டினம்.
ஆரும் விடுபட்டிட்டினமோ எண்டு
ரெண்டுதரம் எண்ணிப் பாத்தன்.
கபிலாஸ் சிரிச்சான்.
"அது தானாய் வரும் அக்கா,
எண்ணத் தேவையில்லை."

பழசில ஒரு வெடிப்பு,
கீழ் மூலையில தொடங்கி மேல மட்டும்.
என்ரை பெருவிரல் இன்னும் அதைச் சுத்திப் போகுது,
றோட்டுப் போட்டு முடிஞ்சும்
பழைய கிடங்குக்கு விலத்துற பஸ் மாதிரி.

மங்களேஸ்வரியைப் படம் எடுத்தன்.
முகத்தில அப்பியிருந்த சீமெந்துத் தூளைக்
கேளாமலே துடைச்சுப்போட்டுது.
இருபத்தைஞ்சு வயசில நிண்டாள்.
"ஆரடி உது?" எண்டாள்.
சாந்து குழைச்சு முடியிற நேரம்,
என்னைப் பாராமல்,
"எனக்கும் அனுப்பிவிடு."

பழசுக்குக் "கா" எண்டு தொட்டால் காணும்,
"காசு எப்ப தருவியள்" எண்டு முழுசாய் வரும்.
உதுக்குக் "கா" எண்டால்
காதல்.
கொந்திறாத்து நாகேந்திரத்தாருக்கு
அது ஒருக்காப் போயிட்டுது.
ஆறு கிழமையாய் எடுத்தாலும் எடுக்காத மனிசன்
உடன எடுத்தார்.
குரலைத் தாழ்த்தி,
சனிக்கிழமை முழுக்காசும் தாறன் எண்டார்.
நான் ஒண்டும் விளக்கேல்லை.

நாலாம் நாள் விடிய நாலரைக்கு
அலுமாரிக்குள்ள சத்தம்.
சிம் கழட்டி உடுப்புக்கு அடியில வைச்ச பழசு.
கல்லுக்குத் தண்ணி அடிக்கிற நேரம்.
புதுசுக்கு நான் சொல்லேல்லை,
அது மேசையில
நூறு வீதம் நிறைஞ்சு நித்திரை.
பழசில பதினெட்டு.
அதின்ரை வயர் கடையிலயே விடுபட்டுப்போச்சு.

வெடிப்புக்கு மேலால விரலை இழுத்தன்,
ஆரெண்டு கேளாமல் சத்தத்தை நிப்பாட்டிச்சுது.

மோட்டரைப் போட்டன்.
நேற்று அரிஞ்ச இருநூற்றி நாப்பது கல்லும்
இருட்டுக்குள்ள
தண்ணி குடிக்கிற சத்தம்.

இன்னும் ரெண்டு விடியலுக்குக் காணும்.
பிறகு மற்றதுக்குச் சொல்லவேணும்,
நாலரை எண்டு,
சின்ன விரலால.